நஸீபாவின் அருவி

மேலகரத்தில் தோழிகள் நஸீபாவும் லோகநாயகியும் சேர்ந்து செல்போன் விளையாட்டு ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் வரும் குற்றால அருவிக்கு நஸீபா பன்னிரண்டு படங்கள் வரைந்திருந்தாள். எவ்வளவு வேகமாக மாற்றிக் காட்டினாலும் தண்ணீர் ஒரே மாதிரிதான் விழுந்தது.

"ஸ்பிரைட்னா வரைஞ்ச படந்தான் திரும்பத் திரும்ப வரும். ஷேடர்னு ஒரு நிரல் எழுதுனா, அது ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்த அப்பப்ப கணக்குப் போட்டுக்கிடும்," என்றாள் லோகநாயகி.

நஸீபாவின் முகம் வாடிவிட்டது. "அப்போ நான் வரைஞ்சது வேண்டாமாட்டி?"

"வெளையாட்டுல வர்ற குரங்கெல்லாம் ஒன் படந்தான். தண்ணிக்கு என்னென்ன நிறம்னும் நீதான் சொல்லணும்."

மறுநாள் காலை இருவரும் அருவிக்குப் போனார்கள். நஸீபா வெகுநேரம் பார்த்து ஐந்து நிறங்களைக் குறித்துக் கொடுத்தாள். மாலையில் திரையில் தண்ணீர் புதிது புதிதாக இறங்கியது.

"அடுத்து சாரல்," என்று நஸீபா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.