டபுள் விசில்

துணி மடித்துக்கொண்டிருந்த பெண்மணியிடம் கொஞ்சம் தள்ளிக்கொள்ளும்படி சைகை காட்டிவிட்டு, வீட்டுக்கு மூத்த மகள் கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஓட்டலின் சலவை அறைக்குள் நுழைந்தாள். மாடியில் அவள் அறையில் இணையம் வருவதும் போவதுமாகக் கண்ணாமூச்சி ஆடியது. வைஃபை பெட்டி மாட்டியிருந்தது இங்கேதான், சலவை எந்திரங்களுக்கு மேலே.

அப்பா விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். இவளுக்கு விமானம் நாளைக்குத்தான். அங்கே நான்கு மணிக்கு எடுக்கிறார்கள். லிஃப்ட் பொருத்தும் வேலையாகக் கடல் கடந்து வந்தவளுக்கு, அவரை வழியனுப்ப இந்த ஒரு அழைப்பை விட்டால் வேறு கதியில்லை.

முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர் அப்பா. மகள் வெளிநாட்டிலிருந்து பேசினால் குரல் இரண்டு நொடி தாமதித்துத்தான் போய்ச் சேரும். "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீ சொல்லு" என்று இருவரும் மோதிக்கொள்வதிலேயே பாதி நேரம் கழியும். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஒரே வாசல்ல ஏறுறவனும் எறங்குறவனும் முட்டிக்கிட்டா எப்படி?" என்று சட்டம் போட்டார். பேசி முடித்ததும் ஒரு விசில். இனி எதிராளியின் முறை. இரண்டு விசில் என்றால் போகலாம், போனை வைத்துவிடலாம். அவளுக்கும் ஒரு விசில் வாங்கிக்கொடுத்தார். ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் முதலில் விசிலைக் கேட்பார், அப்புறம்தான் பாஸ்போர்ட்டை.

"இது வீடா, பஸ் ஸ்டாண்டா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

இப்போது திரையில் தம்பியின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது.

"அக்கா... கே... குதா?"

"என்னடா ஆச்சு லைனுக்கு?"

"அறுபது பேர்... எல்லாரும் நம்ம வைஃ..."

அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்பா விசில் ஊதிய பஸ்ஸின் நம்பர்தான் வீட்டு வைஃபையின் ரகசியச் சொல். ரகசியம் என்று பெயர்தானே தவிர, தெருவில் அது தெரியாத ஆளே கிடையாது. மாற்றச் சொன்னால், "ஏறினவங்கள நடுவழியில எறக்கிவிடச் சொல்றியா?" என்பார். அந்தத் தாராளம்தான் இன்றைக்கு அவள் கழுத்தைப் பிடித்தது. துக்கத்துக்கு வந்த அத்தனை பேர் போனும் அவர் வைஃபையில் ஓசிப் பயணம் செய்துகொண்டிருந்தன.

அம்மாவின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. "எல்லாரும் கொஞ்சம் போன அணைங்க. எம் பொண்ணு அவ அப்பாவப் பாக்கணும்."

படம் சட்டென்று தெளிந்தது. அப்பா படுத்திருந்தார். யாரோ அவர் மீசையைப் படியப் படியச் சீவிவிட்டிருந்தார்கள். அவருக்குப் பிடித்திருக்காது.

"அப்பா, லைன் கிளியரா இருக்குப்பா" என்றாள். வேறெதுவும் வரவில்லை. உட்கார்ந்து அழுதாள். துணி மடிக்கும் பெண்மணி சூடான துண்டு ஒன்றை நீட்டினாள்.

அப்பாவை வண்டியில் ஏற்றினார்கள். ஓட்டுநர் இருக்கையில், அப்பாவோடு பத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டிய டிரைவர் மாமா. நான்தான் ஓட்டுவேன் என்று அடம்பிடித்து ஏறியவர், எஞ்சினைப் போட்டுவிட்டு அசையாமல் இருந்தார்.

"என்ன மாமா, எடுக்கலாமே?" என்றான் தம்பி.

"டபுள் விசில் வரல."

"மாமா..."

"பத்தொம்பது வருஷத்துல அவன் விசில் குடுக்காம நான் வண்டி எடுத்ததில்ல. இன்னைக்கு மட்டும் எடுப்பனா?"

தம்பி உள்ளே ஓடி, கொடியில் கிடந்த அப்பாவின் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து வந்து ஊதினான். வெறும் காற்றுதான் வந்தது, கூடவே எச்சிலும்.

"பலூனாடா ஊதுற?" என்றார் பெரியப்பா. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரிக்க, அம்மாவே சிரித்துவிட்டாள்.

"அக்கா, நீதான் ஊதணும்" என்றான் தம்பி.

அவள் கைப்பையைத் துழாவி விசிலை எடுத்தாள். இந்த நேரம் பார்த்து லைன் கட்டாகிவிடக் கூடாதே என்று வைஃபை பெட்டிக்கு நேர் கீழே போய் நின்றுகொண்டாள்.

"ஸ்பீக்கர்ல போட்டு மாமா காதுகிட்ட கொண்டு போ. கேட்டைத் தாண்டாத, வைஃபை எட்டாது."

மூச்சை இழுத்துப் பிடித்து ஊதினாள். இரண்டு விசில். பெண்மணியின் கையிலிருந்த போர்வை கீழே விழுந்தது. திரையில் மாமா இன்னும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நொடி. இரண்டு நொடி.

"ரைட்!" என்று கியரைப் போட்டார் மாமா.

தம்பி போனை அம்மாவிடம் திணித்துவிட்டு ஓடிப்போய் வண்டியின் பின்வாசலில் தொற்றிக்கொண்டான். தெருமுனை திரும்பி வண்டி மறையும் வரை படம் ஒரு முறைகூட உடையவில்லை.

அப்புறம் திரை முழுக்க அம்மாவின் முகம்.

"நீ ஏதாவது சாப்..."

"அம்மா, நீ எப்..."

இருவரும் மோதிக்கொண்டார்கள். இருவரும் நிறுத்தினார்கள். மறுபடி ஒன்றாகவே தொடங்கி, மறுபடி நிறுத்தினார்கள்.

அம்மா குனிந்து எதையோ தேடினாள். தம்பி விட்டுச்சென்ற விசில். முந்தானையில் அதை அழுத்தித் துடைத்தாள். வாயில் வைத்து, கன்னம் உப்ப, மெல்லிசாக ஒரே ஒரு முறை ஊதினாள்.