முதல் டம்ளர்

தம்பி வந்து இறங்கி ஒன்பது நாளாகியும் அக்கா வீட்டுக் குழாய்த் தண்ணீரில் பல்கூடத் துலக்கவில்லை. எல்லாவற்றுக்கும் கேன் தண்ணீர்தான். பன்னிரண்டு வருஷம் வெளிநாட்டில் இருப்பவன். மூச்சுக்கு முந்நூறு தரம் ‘எங்க ஊர்ல’ என்பான். அவன் சொல்லும் ‘எங்க ஊர்’ பிறந்த ஊர் இல்லை என்று புரியவே அக்காவுக்கு இரண்டு நாள் பிடித்தது. அங்கே பஸ் சொன்ன நிமிஷத்துக்கு வருமாம். ஆஸ்பத்திரியில் கூட்டமே இருக்காதாம். எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும் என்று அவள் மனதாரவே கேட்டுக்கொண்டாள். தண்ணீர் விஷயம்தான் சுருக்கென்றது.

அவளுக்கு வேலை ஊர்க் குடிநீர் நிலையத்தின் சோதனை அறையில். லீவு போட்ட நாட்களை விட்டால், பத்தொன்பது வருஷமாக அவள் கையெழுத்து இல்லாமல் காலையில் இந்த ஊர்க் குழாய்களில் ஒரு சொட்டு வந்ததில்லை. கூடப் பிறந்தவனே அதை வாயில் வைக்க மாட்டான் என்றால் அந்தக் கையெழுத்துக்கு என்னதான் மதிப்பு?

பத்தாம் நாள் விடிந்தபோது கேன் காலி. மறுநாள் அவனுக்கு விமானம்.

“கேன் கடை எங்க ஆபீசுக்கு எதிர்லதான் இருக்கு. திறக்கிற வரைக்கும் என்கூட வந்து உட்காரு” என்று அழைத்துப் போனாள்.

சோதனை அறையில் வழக்கம்போலக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்தை ஐந்து சொட்டு விட்டுக் குலுக்கினாள். குளோரின் சரியாக இருந்தால் நல்ல மஞ்சளாக மாற வேண்டும். இன்றைக்கு வெளிறிக் கிடந்தது. இன்னொரு முறை பார்த்தாள். அதே வெளிறல். போயும் போயும் இன்றைக்கா! தம்பி வேறு பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

பம்ப் ஆபரேட்டர் உள்ளே ஓடி வந்தார். நிலையத்தில் அவருக்கு ‘அவசரம்’ என்றுதான் பெயர்; பெற்றவர்கள் வைத்தது சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

“பம்ப்பைப் போடட்டுமாம்மா?”

“போடாதீங்க. குளோரின் குறையுது.”

“லேசாத்தானே? யாருக்கும்மா தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியுதுல்ல?”

பத்து நிமிஷத்தில் போன் அடித்தது. அதிகாரி ஆகாசத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். பாதி ஊர் குடத்தோடு நிற்கிறதாம். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“திறக்கலாம் சார். நீங்க வந்து கையெழுத்துப் போட்டுட்டுத் திறந்துக்கங்க.”

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. அவசரம் தலையைச் சொறிந்துகொண்டே போய், குளோரின் மருந்து இறங்கும் குழாயைக் கழற்றி அடைப்பை எடுத்தார். புது மருந்து கலந்து தண்ணீர் அரை மணி நேரம் நிற்க வேண்டும். அக்காவும் தம்பியும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

“எங்க ஊர்ல குழாயைத் திறந்து அப்படியே குடிச்சிடுவோம்க்கா” என்றான் தம்பி. வழக்கமான சவடால் குரலில் இல்லை.

“அங்க யாருடா டெஸ்ட் பண்றது?”

“யாருக்குத் தெரியும்? யாரோ ஒருத்தர் பண்ணுவாங்க.”

“இங்க அந்த யாரோ நான்தான்டா.”

சொன்னபோது அவள் குரல் உடைந்துவிட்டது. பெருமைதான், வேறொன்றுமில்லை. தம்பி மேஜைமேல் இருந்த கண்ணாடிக் குழாயைத் திரும்பிப் பார்த்தான்.

அரை மணி கழித்துக் கண்ணாடிக் குழாய் பளிச்சென்ற மஞ்சளுக்கு வந்தது. அந்த நிலையத்தில் எந்த விதிப் புத்தகத்திலும் எழுதாத ஒரு வழக்கம் உண்டு. சோதித்தவர் முதல் டம்ளரைத் தானே குடித்த பிறகுதான் கையெழுத்து. அவள் தொட்டியிலிருந்து வரும் அறைக் குழாயில் எவர்சில்வர் டம்ளரை நிறையப் பிடித்தாள். வாய்க்குக் கொண்டுபோய் மடமடவென்று குடித்து முடித்தாள். கையெழுத்துப் போட்டாள். அவசரம் ஏட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

“அக்கா, அந்த டம்ளரைக் குடு.”

“எதுக்கு?” என்றாள், தெரிந்தும்.

அவன் அதை வாங்கி, அதே குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்தான். பத்தொன்பது வருஷத்தில் எந்தச் சோதனைக்கும் அவளுக்கு இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை. அவன் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பம்ப் உறுமி, தரை லேசாக அதிர்ந்தது. எதிரே கேன் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது. தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, டம்ளரை மறுபடியும் குழாயடியில் நீட்டினான்.