பத்தில் எட்டு

வியாழக்கிழமை பின்னேரம் மர்ஸூக்கின் வலது கைப் பெருவிரல் அவர் சொல்லைக் கேட்கவில்லை. மூன்று நாளாகியும் அதைப் பற்றி அவர் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

கொழும்பு புறக்கோட்டையில் ஒரு செத்தல் மிளகாய் ஸ்டோரின் இரண்டாம் மாடியில் அவருக்கு வேலை. பலகைத் தட்டில் நின்றுகொண்டு, மோட்டார் கப்பியின் ஸ்விட்சைக் கையில் பிடித்து, கீழே நிற்கும் லொறிக்கு மூட்டைகளை இறக்க வேண்டும். ஸ்விட்சில் இரண்டு பட்டன். ஒன்றை அழுத்தினால் கொக்கி ஏறும், மற்றதை அழுத்தினால் இறங்கும், விரலை எடுத்தால் நிற்கும். வித்தை அவ்வளவுதான். ஆனால் மேலே நிற்பவனுக்குக் கீழே நடப்பது ஒன்றும் தெரியாது, தட்டு மறைத்துவிடும். அதனால் அது கண்ணால் செய்கிற வேலை இல்லை, காதால் செய்கிற வேலை. கீழே நிற்கும் ஹஸன் 'ஹா' என்றால் இறக்க வேண்டும், 'ஹோப்' என்றால் நிறுத்த வேண்டும். குரல் வராமல் விரல் அசையக் கூடாது. குரல் வந்தபிறகு விரல் தாமதிக்கக் கூடாது. பதினெட்டு வருஷமாக மர்ஸூக்குக்கு அதுதான் சோறு.

வியாழக்கிழமை ஹஸன் 'ஹோப்' என்றான். மர்ஸூக்குக்கு நன்றாகக் கேட்டது. எடு என்று விரலுக்குச் சொன்னார். விரல் மரக்கட்டை மாதிரி பட்டனிலேயே கிடந்தது. ஹஸன் இரண்டாம் தரம் கத்தியபோது இடது கையால் வலது கையைப் பிடித்துப் பிடுங்கி எடுத்தார். கீழே ஆறு மூட்டையும் ஒன்றாக 'தொம்' என்று உட்கார்ந்த சத்தத்தில் தட்டுப் பலகை அதிர்ந்தது.

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. 

"மர்ஸூக் நானா!" என்று ஹஸனின் குரல் வந்தது. "என்ட செருப்பு மூட்டைக்குக் கீழ போச்சு நானா! காலையும் சேத்துக் கேட்டிருந்தா குடுத்திருப்பனே!"

லொறிக்காரன் சிரித்தான். மேனேஜர் ஓடி வந்து என்ன என்று கேட்டார். "கப்பி வயர் வழுக்கிச்சு சேர்" என்று மர்ஸூக்கின் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

வெள்ளிக்கிழமை மெக்கானிக் வந்து வயரை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு கோளாறும் இல்லை என்று போனான். "அப்ப ஜின்தான் புடிச்சிருக்கு" என்று ஹஸன் பகிடி விட்டான். அன்றும் சனிக்கிழமையும் மர்ஸூக் ஸ்விட்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வேலை செய்தார். 'ஹோப்' வருமுன்னமே விரலைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கினாலும் துடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் நிம்றா கொட்டாஞ்சேனை வீட்டு வாசலில் சப்பாத்து போட்டுக்கொண்டே கேட்டாள். "வாப்பா, ஒரு மணித்தியாலம் என்னோட ஒபிஸுக்கு வாங்களே. கேமே தெரியாத ஒராள் வேணும். நீங்க பட்டன அழுத்தினாச் சரி."

பட்டன் என்றதும் மர்ஸூக் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். ஏலாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். சேர்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

நிம்றா வேலை செய்கிற கம்பனி வெள்ளவத்தையில் கடற்பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில், ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்தது. ஐந்து பேர் சேர்ந்து கம்ப்யூட்டர் கேம் செய்கிறார்கள். அந்தக் கேமை வைத்து ஒரு மாதமாக அங்கே சண்டை. கதை படம் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று திரையில் ஒரு எழுத்து மின்னும். கையில் உள்ள ரிமோட்டில் அதே எழுத்துப் பட்டனைக் கண் மூடித் திறப்பதற்குள் அழுத்த வேண்டும். தவறினால் சாவு. அந்த இடங்களை வைத்திருப்பதா தூக்குவதா என்பதுதான் பிரச்சினை.

"வாங்கோ அங்கிள், இருங்கோ" என்று வரவேற்ற பிரியந்தன்தான் கம்பனிக்குப் பெரியவன். முப்பத்தைந்து வயதிருக்கும். "நீங்கள்தான் இண்டைக்கு நீதவான். உங்கட மகள் பட்டன் எல்லாத்தையும் தூக்கச் சொல்லி என்ர உயிரை வாங்குறா."

"தூக்கத்தான் வேணும்" என்றாள் நிம்றா. "அவ்வளவு பாடுபட்டுக் கதைய செஞ்சிட்டு, பாக்கிறவன மூலைக்கு மூலை எழுத்துத் தேட வைக்கிறீங்க. விளையாட்டா இது? சோதனை மண்டபம்."

"பட்டன் இல்லையெண்டால் அது படம். பாத்துக்கொண்டு கடலை சாப்பிடலாம். எனக்கு ஆளின்ர விரல் வேர்க்க வேணும். பயம் விரலுக்கு வந்தாத்தான் பயம்."

"சொல்லாம கொள்ளாம அடிச்சுப் போட்டிட்டு, அதுக்குப் பேர் பயமாம்."

"ஒரு செக்கன் குடுக்கிறன்தானே!"

"உங்கட கைக்கு ஒரு செக்கன் போதும். இதோடயே வளந்த கை."

மர்ஸூக் இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு செக்கன். வியாழக்கிழமை அவர் விரல் கிடந்ததும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான்.

ரிமோட்டைக் கையில் கொடுத்தார்கள். திரையில் ஒரு பெண் இருட்டுச் சுரங்கத்தில் ஓடினாள். பின்னால் ஏதோ ஒன்று தண்ணீர் சொட்டச் சொட்ட வந்துகொண்டிருந்தது. அது என்னவென்று காட்டவே இல்லை. காட்டாததால்தான் மர்ஸூக்குக்கு முதுகு கூசியது. அவள் காலடியில் பலகை முறிந்தது, X என்ற எழுத்து மின்னியது.

அந்த எழுத்து அவருக்குத் தெரியும். நாற்பது வயதில் பள்ளிவாசல் வகுப்பில் தமிழ் எழுத்தைப் படித்தார். இங்கிலீஷ் எழுத்தை மூட்டை முகத்தில் அடித்த மார்க்கிலிருந்து பொறுக்கிக்கொண்டார். X என்றால் மட்டமான மிளகாய். எழுத்தைக் கண்டார், பட்டன் இருக்கிற இடமும் தெரிந்தது. விரல் போகவில்லை. பெண் விழுந்தாள்.

மறுபடியும் அவள் அதே பலகையில் ஓடி வந்தாள், விழுந்தாள். பத்துத் தரம் வந்தாள், பத்துத் தரமும் விழுந்தாள். கடைசித் தரம் அவள் கத்தியபோது மர்ஸூக்கின் சேர்ட் முதுகோடு ஒட்டிவிட்டது. போச்சு, கை போச்சு என்று மனம் அடித்துக்கொண்டது.

"பாத்தீங்களா!" நிம்றா கையைத் தட்டினாள். "பத்துக்குப் பத்து! ஒண்டு கூட இல்ல! இப்ப என்ன சொல்றீங்க?"

மகள் வாதத்தில் வென்ற சந்தோஷத்தில் துள்ளினாள். தகப்பன் ரிமோட்டை மடியில் இறக்கி வைத்தார்.

பிரியந்தன் கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் இருந்தான். "அங்கிள், எழுத்து விளங்கேல்லையோ?"

"விளங்கிச்சு."

"பிறகேன் அழுத்தேல்ல?"

மர்ஸூக் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு, "ஒருத்தரும் கூப்பிடல்லயே தம்பி" என்றார்.

இருவரும் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. கப்பி வேலையைச் சொன்னார். கண்ணால் கண்டு விரலை அசைத்தால் ஆள் சாவான், குரல் வந்தால்தான் அசைக்கலாம் என்று பழகிய கை இது என்றார். சொல்லச் சொல்ல அவருக்கே உள்ளே ஒரு வெளிச்சம் வந்தது. அதுதான் காரணமோ? கை நல்லாத்தான் இருக்கிறதோ? குரல் இல்லாததால்தான் அசையவில்லையோ? வியாழக்கிழமை குரல் வந்தும் விரல் கிடந்ததை மனம் அந்த நேரம் ஒதுக்கி வைத்தது.

"மகள், எழுத்து வாற இடத்தில ஒரு குரலப் போட ஏலுமா?" என்று கேட்டார். அவர் இதுவரை மகளிடம் எதையும் இப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை.

நிம்றா போனில் 'ஹோப்' என்று தன் குரலையே பதிந்தாள். எந்த எழுத்தாக இருந்தாலும் ஒரே பட்டன், அழுத்திப் பிடித்திருந்து 'ஹோப்' வந்ததும் விரலை எடுத்தால் சரி என்று மாற்றினாள். அரை மணித்தியாலம் எடுத்தது. கீழே கரையோர ரயில் போனது, பிளேன்டீ ஆறியது. மர்ஸூக் மடியில் விரலை மடக்குவதும் விரிப்பதுமாக இருந்தார்.

மறுபடியும் சுரங்கம். பலகை முறிந்தது. "ஹோப்!" விரல் எழும்பியது! பெண் தாவிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மர்ஸூக்கின் தொண்டையிலிருந்து அவரை அறியாமல் ஒரு சத்தம் வந்தது. இரண்டாவதும் சரி. மூன்றாவது 'ஹோப்' கேட்டது, நன்றாகக் கேட்டது, விரல் கிடந்தது. பெண் விழுந்தாள். நாலு, அஞ்சு, ஆறு சரி. ஏழாவதில் மறுபடியும் மரக்கட்டை. மிச்சம் மூன்றும் சரி.

"பத்தில எட்டு!" பிரியந்தன் எழும்பிவிட்டான். "அங்கிள், நான் முதல் நாள் நாலுதான். நிம்றா, நீர் சொன்னது பாதி சரி, நான் சொன்னது பாதி சரி. பட்டன் இருக்கட்டும், குரலும் இருக்கட்டும். முடிஞ்சுது வழக்கு!"

"எழுத்தக் கட்டாயம் எண்டு வைக்கக் கூடாது" என்றாள் நிம்றா. "விருப்பமான ஆள் வைக்கட்டும்."

"சரி, சரி. விட்டுத் தந்தன்."

ஒரு மாதச் சண்டை அந்த இடத்திலேயே தீர்ந்தது. இருவரும் முகம் மலர்ந்து நின்றார்கள்.

"அந்த ரெண்டு?" என்றார் மர்ஸூக்.

"அது பரவாயில்ல அங்கிள். செத்தாலும் திரும்ப அதே இடத்தில இருந்து வருவா."

"தம்பி, எனக்கு ஒரு நாளைக்கு நாப்பது ஹோப் வரும்."

பிரியந்தனுக்கு விளங்கவில்லை. நிம்றாவுக்கு ஏதோ விளங்கியது. அவள் சிரிப்பு முகத்திலேயே நின்று போனது. "வாப்பா?" என்றாள்.

அவர் சொன்னார். வியாழக்கிழமையையும் செருப்பையும் சொன்னார். வயர் என்று சொன்ன பொய்யைச் சொல்லும்போது மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டார். "உங்கட கேம்ல நான் பிழை விட்டா விழுறது அந்தப் பொம்புள, திரும்பி வந்திடுவா. அங்க நான் பிழை விட்டா விழுறது ஹஸன்ட தலையில. அவனுக்குத் தெரியாது மகள். மூணு நாளா என்ட விரலுக்குக் கீழ பாட்டுப் பாடிட்டு நிக்கிறான்."

நிம்றா ரிமோட்டை அவர் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தாள். அவர் பெருவிரலை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கினாள். "இது தெரியுதா? இது?" என்று கேட்டாள். "நாளைக்கு டொக்டர். வேலைக்குப் போக வேணாம்."

"டொக்டர் பின்னேரம். காலைல நான் போய்ச் சொல்ல வேணும். வயர்லதான் ஏதோ பிழைண்டு அவனுகள் இன்னும் நம்பிட்டு இருக்கிறானுகள்."

அன்றிரவு அவருக்குத் தூக்கம் வந்த மாதிரியும் இல்லை, வராத மாதிரியும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் முதலில் மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் வாயில் வைத்த டீயை விழுங்காமல் அவரைப் பார்த்தார். பிறகு, "இந்த லொறிய அனுப்பிட்டுக் கதைப்பம். நீங்க ஸ்விட்சத் தொட வேணாம்" என்றார். ஸ்விட்ச் பிடிக்கத் தெரிந்த இன்னொரு ஆள் ஹஸன் மட்டும்தான்.

ஹஸன் புதுச் செருப்போடு லொறித் தட்டில் நின்றான். "என்ன நானா, ஜின் எழும்பிட்டா?"

மர்ஸூக் சொன்னார். ஹஸனின் முகத்திலிருந்து பகிடி இறங்கிப் போவதை அவர் பார்த்தார். அதைப் பார்க்கத்தான் இந்த மூன்று நாளும் பயந்திருந்தார்.

"வெள்ளிக்கிழமையும் தெரியுமா?"

"தெரியும்."

"சனிக்கிழமையும்?"

"ஓம்."

"நான் கீழ நிண்டு உங்களுக்கு ஜோக் அடிச்சிட்டிருந்தேன்." ஹஸன் தன் புதுச் செருப்பைப் பார்த்தான். "என்ட புள்ளைக்கு ரெண்டு வயசு நானா."

"எனக்குத் தெரியும்டா. நீ மேல போ. நான் கீழ நிக்கிறேன்."

"நீங்க நிண்டா என்ட கை நடுங்கும்."

"நடுங்கட்டும். எனக்கு மூணு நாள் நடுங்கிச்சு."

லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். ஹஸன் படியேறினான். மன்னித்தானா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

மர்ஸூக் லொறித் தட்டில் ஏறி நின்றார். பதினெட்டு வருஷத்தில் மூட்டையின் அடிப்பக்கத்தை அவர் அண்ணாந்து பார்த்தது இதுதான் முதல் தரம். ஆறு மூட்டையும் கொக்கியில் மெல்ல ஆடின. சணல் நூல் கிறீச்சிட்டது, மிளகாய்த் தூசு கண்ணில் கொட்டியது. மேலே தட்டும் இருட்டும் மட்டும்தான் தெரிந்தன, ஹஸன் தெரியவில்லை. இவ்வளவு காலமும் அவன் இந்த இடத்தில்தான் நின்றான், நின்றுகொண்டு சிரித்தான்.

"ஹா" என்றார். முதல் தரம் குரல் வரவில்லை. மறுபடியும் சொன்னார்.

பாரம் இறங்கியது. வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு இறங்கியது. ஓடு என்று கால் சொன்னது. ஓடினால் ஹஸனுக்குக் குரல் போகாது, குரல் போகாவிட்டால் அது நிற்காது. தலைக்கு மேல் இரண்டு முழம். ஒரு முழம்.

"ஹோப்!"

நின்றது. அவர் நெற்றிக்கு நேர் மேலே, மூட்டை மூச்சு விடுகிற மாதிரி லேசாக ஏறி இறங்கியது. மர்ஸூக் அதன் அடியைத் தொட்டு, பக்கமாகத் தள்ளி, இருக்க வேண்டிய இடத்துக்கு நேராக்கினார். 

"நானா!" மேலேயிருந்து குரல் வந்தது. பகிடிக் குரல் இல்லை. "நானா, இருக்கிறீங்களா?"

"இருக்கிறேன்டா."

"கேக்கல்ல! இன்னொருக்கா சொல்லுங்க!"

"இருக்கிறேன்!" என்று மர்ஸூக் தொண்டை கிழியக் கத்தினார்.

இன்னும் ஏழு தரம் இறக்க வேண்டியிருந்தது.