முப்பத்தொரு லாரி டிரைவர்கள்

மூன்று மணிக்குள் திருச்சி கருத்தரங்குக்குக் கட்டுரை போயாக வேண்டும். எல்லைத் தகராறு வந்தால் ராணுவத்தை அனுப்பச் சொல்லி இளைஞர்கள் ஏன் குதிக்கிறார்கள் என்பதுதான் விஷயம். காலையில் அரியலூரிலிருந்து வந்த காலேஜ் பஸ்ஸிலேயே அஃப்ஷான் முப்பத்தொரு படிவங்களை நிரப்பி வாங்கிவிட்டாள். அத்தனையிலும் ‘உடனே ராணுவம்’! துள்ளிக்கொண்டு போய்ப் பேராசிரியை புவனேஸ்வரியிடம் நீட்டினாள்.

அவர் நாலு தாளைப் புரட்டினார். “ஏம்மா, உங்க பஸ்ல வர்ற எல்லாரோட அப்பாவும் சிமெண்ட் லாரியா ஓட்டுறாங்க?”

பிடுங்கிப் பார்த்தாள். எல்லாத் தாளிலும் தந்தையின் தொழில்: சிமெண்ட் லாரி டிரைவர். தையல்காரர் மகள் பிரவீணாவின் தாளிலும் அதேதான்.

“யா அல்லாஹ்! பரீட்சை மாதிரி பாத்து எழுதிருக்காங்க மேடம்!”

“மணி பதினொண்ணுதான் ஆவுது. ஒவ்வொருத்தரா தனியாப் புடி, ஓடு!”

உண்மையான லாரி டிரைவர் மகன் வீரமணி மட்டும்தான். ராணுவத்தில் சேரத் தினமும் விடியற்காலையில் ஓடுகிறவன். கேன்டீனில் பஜ்ஜியும் கையுமாக மாட்டினான். புதுத் தாளில் யோசித்து எழுதினான்: ‘முதலில் பேச்சுவார்த்தை.’

“டேய்! காலைல ராணுவம்னு போட்ட?”

“பக்கத்து சீட்டுல சுரேஷ்குமார் எட்டிப் பாத்துக்கிட்டே இருந்தான். பேசலாம்னு போட்டா, ‘மிலிட்டிரிக்காரரு பயந்துட்டாரு’ன்னு ஊரு வரைக்கும் ஓட்டுவான். சண்டைன்னா நான் போவேன், அது வேற. போவப்போற காலு என்னுதுல்ல? பேசிப் பாத்துட்டு அனுப்பச் சொல்லு.”

சுரேஷ்குமாரை நூலகத்தில் பிடித்தாள்.

“நானும் பேசலாம்னுதான் நெனச்சேன். அந்த வீரமணி பய மொறப்பா ராணுவம்னு போட்டான். நான் மட்டும் எப்புடி மாத்திப் போடுறது?”

அஃப்ஷான் சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

ஆனால் பிரவீணா தனியாக உட்கார்ந்தும் ராணுவம் என்றே அழுத்தி எழுதினாள். “எங்கண்ணன் பார்டர்ல பனியில நிக்கிறான்டி. அவன் பக்கத்துல இன்னும் நாலு பேரு நிக்கட்டும்.”

இரண்டரைக்குக் கணக்கு வந்தது: ராணுவம் பதினேழு, பேச்சு பதினொன்று, ‘தெரியாது’ மூன்று. காலைக் கட்டு, மதியக் கட்டு இரண்டையும் சேர்த்து, பக்கத்து சீட்டில் யார் என்பதே பாதி பதில் என்று எழுதி, இரண்டு ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினாள்.

சுரேஷ்குமார் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

“என் பேப்பரக் குடு, மாத்தணும்! பிரவீணாகிட்ட பேசுனேன், அவ சொல்றதுதான் சரி.”

“போயிருச்சுடா!”

“சரி வுடு. சாயங்காலம் பஸ்ல வீரமணி என்ன சொல்றான்னும் கேட்டுக்குறேன்.”

அஃப்ஷான் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டுரைக்கு ஒரு வெள்ளைத்தாளை உருவினாள்.