தலைமாட்டில் ஓர் ஆள்

"தலைமாட்டுல ஒரு ஆள் குறையுதே" என்றார் வேன் டிரைவர்.

லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. மூன்று மாடியும் படி வழியாகத்தான் இறக்கியாக வேண்டும். கால்மாட்டை டிரைவரும் அவருடைய கூட்டாளியும் பிடித்துக்கொண்டார்கள். தலைமாட்டில் ஒரு பக்கம் மகன் நின்றான். இறந்தவளின் கணவருக்கு முழங்கால் மடங்காது.

"நான் பிடிக்கிறேன்" என்று மகள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

உன்னால் முடியாது என்று சொல்ல அம்மா வாயெடுத்தாள். பழக்க தோஷம். அதற்குள் ஸ்ட்ரெச்சர் எழும்பிவிட்டது.

இறந்தவள் அம்மாவுக்கு நாத்தனார், பிள்ளைகள் இருவருக்கும் அத்தை. டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள்; வீட்டிலும் பேர் கண்டக்டர்தான். காலையில் கடைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டியவள், அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டாள்.

மகள் கைக்குழந்தையிலிருந்தே மாதா மாதம் ரத்தம் ஏற்றி வளர்ந்தவள். அப்போதெல்லாம் ஒரு மாடி ஏறினாலே உதடு வெளுத்துவிடும். எலும்பு மஜ்ஜையை மாற்றினால் குணமாகும், தம்பியுடையது முழுசாகப் பொருந்துகிறது என்று டாக்டர் சொன்னார். சிகிச்சையிலேயே பிள்ளை போய்விடவும் கூடும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று அம்மா தள்ளிப்போட்டாள். கண்டக்டர் லீவு போட்டு வந்து டாக்டரைக் குடைந்தாள். ஏற்றுகிற ரத்தத்தோடு ஈரலில் இரும்பு சேருகிறது, சேரச் சேரப் பிழைக்கும் வாய்ப்பு குறையும், ஈரல் கெடாத இந்தச் சின்ன வயதுதான் தோது என்றார் அவர்.

வராந்தாவில் கண்டக்டர் அம்மாவை நிறுத்தினாள். "நிக்கிற பஸ்ல ஏறணும். ஓட ஆரம்பிச்சப்புறம் தொங்கக் கூடாது. தப்பாப் போச்சுன்னா என்னைத் திட்டு. காலம் பூரா திட்டு. இப்ப கையெழுத்தைப் போடு."

போட்டாள்.

மருந்து கொடுத்துப் பழைய மஜ்ஜையை அழித்துவிட்டு, தம்பியுடையதை ஏற்றினார்கள். அது வேர்பிடிக்கும்வரை சாதாரணச் சளி பிடித்தாலும் ஆபத்து. கண்டக்டர் அறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். பழக்கூடையோடு வந்த சொந்தங்களை "உள்ள இடமில்ல, அடுத்த வண்டியில வாங்க" என்று திருப்பி அனுப்பினாள். ஒரே ஒரு தும்மலுக்காகத் தன் புருஷனையே இறக்கிவிட்டாள். நடுவில் காய்ச்சல் கண்டு மகள் கண் திறக்காமல் கிடந்த நாட்களில், அம்மா நாத்தனாரின் முகத்தைப் பார்க்கவில்லை. திட்டு தொண்டைவரை வந்து நின்றது. பிறகு ஒரு காலை டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். தம்பியின் செல்கள் வேலையை ஆரம்பித்துவிட்டன. கண்டக்டர் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். வார்டே திரும்பிப் பார்த்தது. அதற்கப்புறம் மகளுக்கு ஒரு சொட்டு ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கவில்லை.

கடைசித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் இடித்தது. "அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்குங்க" என்றார் டிரைவர். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஒரே மூச்சில் தோள் உயரத்துக்குத் தூக்கி, கைப்பிடிச் சுவரைத் தாண்டித் திருப்பினார்கள். மகளின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முகம் ரத்தமேறிச் சிவந்திருந்தது.

வேன் கதவைச் சாத்தும்போது, மாமா தன் மூக்குக்கண்ணாடி மேலேயே இருப்பதாகச் சொன்னார். மகள் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அம்மா படிக்கட்டின் அடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டிரண்டு படியாகத் தாவும் காலடிகள். முதல் மாடி. இரண்டாவது. எங்கும் நிற்கவில்லை.