சித்தியாக வந்தவள்

லிஃப்டின் எஃகுச் சுவரை அவளுடைய மகள் நக்கிக்கொண்டிருந்தபோது கதவு திறந்து வேறொரு பெண் உள்ளே வந்தாள். பஸ் ஓட்டுநர் சீருடை, தோளில் பை, அப்போதுதான் வேலை முடிந்த களைப்பு. சுவரில் வழிந்த எச்சிலையும் ஏழு வயதுப் பிள்ளையையும் பார்த்துவிட்டு, வெறுமனே பேச்சுக்குத்தான் கேட்டாள்.

"உங்க பொண்ணா?"

"இல்ல, அக்கா பொண்ணு. அக்காவுக்கு வேலை. அதான் நான் கூட்டிட்டு வந்தேன்."

பதில் சொன்ன தாயின் குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. வாஷிங் மெஷின் பழுதானவர்கள் திட்டுவதற்கென்று ஒரு நிறுவனம் வைத்திருக்கும் தொலைபேசியில் பதில் சொல்வதுதான் அவளுடைய வேலை. நாள் முழுக்க யார் எப்படிக் கத்தினாலும் இதே குரலில்தான் பேசுவாள். அந்தப் பழக்கம் இவ்வளவு வழவழப்பாக இங்கே வந்து கைகொடுக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. தனக்கு அக்கா என்று யாருமே இல்லை என்பது லிஃப்ட் மேலே நகர்ந்த பிறகுதான் உறைத்தது.

மகள் பேசுவாள். ஆனால் அவை அவளுடைய சொற்கள் அல்ல. எங்கோ கேட்ட வாக்கியத்தை, கேட்ட ஏற்ற இறக்கத்தோடு அப்படியே சொல்வாள். பால் கொட்டினால், "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்." தலைக்குக் குளிப்பாட்டத் தண்ணீரை எடுத்தால், "தயவுசெய்து லைன்ல இருங்க." மாமன்காரன் அவளுக்கு 'ரேடியோ' என்று பேர் வைத்தான். வீடே சிரித்தது. தாயும் சிரித்தாள். போன மாதம் டாக்டர் ஆட்டிசம் என்று சொன்னபோது கணவன் மட்டும் அசையவில்லை. "எங்க சித்தப்பா அஞ்சு வயசுலதான் வாயத் திறந்தாரு. இன்னும் மூடலை" என்றான். பெற்றோர்கள் கூடிப் பேசுகிற இடம் ஒன்று இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊரில் வேறு போக்கிடம் இல்லாததால், அவனிடம் சொல்லாமல் கிளம்பி வந்திருந்தாள்.

நான்காவது மாடியில் ஓட்டுநரும் இறங்கினாள். ஓட்டுநர் நடந்ததும் அதே கதவை நோக்கித்தான். திரும்பிப் போய்விடலாம். ஆனால் மகள் அதற்குள் உள்ளே ஓடி, மூலையில் விரித்திருந்த பாயில் ஒரு பொம்மை வண்டியைக் கவிழ்த்து, அதன் சக்கரத்தைச் சுழலவிட ஆரம்பித்திருந்தாள். யாரும் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரும் பார்க்காத ஓர் அறைக்குள் மகளோடு நுழைவது அவளுக்கு இதுவே முதல் தடவை.

வட்டமாக நாற்காலிகள் போட்டிருந்தன. புருவத்தில் மாவு ஒட்டிய பேக்கரிக்காரர் பேசிக்கொண்டிருந்தார். "எனக்கு ரெட்டைப் பசங்க. ஒருத்தன் பேச ஆரம்பிச்சா நிறுத்தமாட்டான். இன்னொருத்தன் பேசவே மாட்டான். கூட்டி ரெண்டால வகுத்தா எல்லாம் சரியாத்தான் இருக்கு." சிரித்தார்கள். இங்கே இதற்குச் சிரிக்கலாம் போலிருக்கிறது.

"இவங்க சித்தி. அக்கா பொண்ணக் கூட்டிட்டு வந்திருக்காங்க" என்று ஓட்டுநர் அறிமுகம் செய்தாள்.

"சித்தியா! எங்க சொந்தக்காரங்க போன் எடுக்கறதையே விட்டுட்டாங்க. உங்களுக்குப் பெரிய மனசும்மா" என்றார் பேக்கரிக்காரர்.

இப்போது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். ஆனால் சித்தியாக வந்தவள் எந்த முகத்தோடு அம்மாவாக மாறுவாள்? மாறாவிட்டால் அடுத்த வாரம் எப்படி இங்கே வருவாள்?

"பெத்தவ எங்க?" என்றார் அவர்.

"அவளுக்குக் கூச்சம்." அதுதான் அன்று அவள் சொன்ன முதல் உண்மை. சொன்னதும் நிறுத்த முடியவில்லை. "பாசமில்லாம இல்ல. வீட்டுக்குள்ள உசுரையே குடுப்பா. நாலு பேர் பாத்தா வேற ஆளாயிடறா."

"அப்ப வெளிய வந்தா அந்தப் பிள்ளைக்கு ஆளே இல்ல."

"விடுங்கண்ணே" என்றாள் ஓட்டுநர். பிறகு இவள் பக்கம் திரும்பி, "பாப்பா கேட்டதையே திருப்பிச் சொல்லுவாளா? என் பையனும் அப்படித்தான். சும்மா சொல்றாங்கன்னு நெனச்சிடாதீங்க. அவங்களுக்குக் கையில கெடச்ச சொல்லு அது. அத வச்சுத்தான் நம்மகிட்ட எதையோ கேக்குறாங்க."

தண்ணீர்க் குவளையைத் தூக்கும்போதெல்லாம் மகள் 'லைன்ல இருங்க' என்றதை அவள் நினைத்தாள். பொறு, இன்னும் ஊற்றாதே என்பதற்கு அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அவள் சிரித்துக்கொண்டே ஊற்றியிருந்தாள். அதைப் போனில் படம் பிடித்து, 'ரேடியோ' என்று பேர் வைத்த அண்ணனுக்கு அனுப்பியும் இருந்தாள்.

அப்போது மூலையிலிருந்து குரல் வந்தது. வழவழப்பான, பிசிறில்லாத குரல்.

"இல்ல, அக்கா பொண்ணு. அக்காவுக்கு வேலை."

சக்கரம் சுழன்றது. மறுபடியும், "இல்ல, அக்கா பொண்ணு." இந்த அறையில் இருந்தவர்களுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. பிள்ளையின் வாயில் வருவது யாருடைய குரல் என்பதைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்தே காது தேர்ந்தவர்கள். யாரும் இவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பேக்கரிக்காரர் சங்கடப்பட்டு எழ, அவருடைய நாற்காலி தரையைக் கீறிக்கொண்டு பின்னால் போனது.

அந்த ஓசையில் மகள் உடைந்தாள். காதுகளைப் பொத்திக்கொண்டு அலறி, தலையைத் தரையில் மோத ஆரம்பித்தாள்.

இதற்கு என்ன செய்யவேண்டும் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வீட்டில் கதவைச் சாத்தி, திரைச்சீலையை இழுத்துவிட்ட பிறகே அதைச் செய்வாள். இப்போது செருப்பை உதறிவிட்டு ஓடினாள். தரையில் படுத்து, மகளின் தலைக்கடியில் உள்ளங்கையைக் கொடுத்தாள். அந்தச் சின்ன முதுகைத் தன் மார்போடு சேர்த்து, முழு பலத்தோடு இறுக்கிக்கொண்டு, தொண்டைக்குள்ளிருந்து மாட்டைப்போல ஒரே சீராக முனக ஆரம்பித்தாள். அசிங்கமான ஓசை. புடவை முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. கழுத்து தகித்தது. முனகுவதை நிறுத்தவில்லை.

"சித்தி, லைட்ட அணைக்கட்டுமா?" ஓட்டுநரின் குரல் தாழ்ந்து கேட்டது.

இன்னும் சித்தி. அவளுக்குப் புரியவில்லையா, இல்லை, சொல்ல வேண்டியதை இவளே சொல்லட்டும் என்று இடம் விட்டுவைக்கிறாளா? கேட்க முடியாது. வாயைத் திறந்தால் முனகல் நின்றுவிடும். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

விளக்கு அணைந்தது. கன்னம் தரையோடு ஒட்டியிருக்க, கதவு வழியே வந்த வெளிச்சத்தில் அவளுக்குக் கால்கள் மட்டும் தெரிந்தன. அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, நாற்காலிகளை இழுக்காமல், ஓசையே வராமல் தூக்கித் தூக்கித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள்.