ஏறாத முள்

அரை மணி நேரமாக டிராக்டர் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஆயில் அளவு பார்க்கும் துளைக்குள் மெர்சி விட்டிருந்த வெப்பமானிக் கம்பி நாற்பத்தொரு டிகிரி காட்டியது. அறுபதைத் தொடாமல் அவளுடைய கம்ப்யூட்டர் புகைச் சோதனையைத் தொடங்க விடாது.

"என் வண்டி சூடே ஆகாதும்மா," என்றாள் திலகவதி. குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "சித்திர வெயில்ல சேத்துல எறங்கி சேடை ஓட்றேன். அப்பகூட சூடு காட்ற முள்ளு எடது பக்கத்த வுட்டு நவுராது."

"அந்தப் பெருமைய இந்த மெஷினு ஒத்துக்க மாட்டேங்குதேக்கா," என்று மெர்சி சிரித்தாள். "பன்னெண்டு மணிக்கு வேனை எடுத்துக்கினு பொன்னேரி போயிடுவேன். அதுக்குள்ள ஏத்துங்க."

மணி பதினொன்று. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குத் திரும்பும் சாலை முனையில் புகைச் சோதனை வேன் நின்றிருந்தது. அதன் முன்னால் எழுபத்து நாலாம் வருஷத்து டிராக்டர், மார்கழிக் குளிரில் வெள்ளையாகப் புகைத்துக்கொண்டிருந்தது. மறுநாள் அதன் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். புகைச் சான்றிதழ் இல்லாமல் அது நடக்காது. திலகவதிக்கு எளாவூரில் ஐந்து ஏக்கர். அதில் இரண்டு ஏக்கர் நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம், மூன்று அந்தப் பக்கம். நடுவில் செக்போஸ்ட். காகிதம் செத்த வண்டி அதைத் தாண்ட முடியாது. நாற்று பத்து நாளில் தயாராகிவிடும். ஊரே ஒன்றாக உழும் நவரைப் பட்டத்தில் வாடகை டிராக்டருக்குக் காத்திருந்தால் நாற்று முற்றிப்போகும்.

போன் செய்து வரவழைத்த மெக்கானிக் ஜெயராஜ் மொபெட்டில் வந்து இறங்கினார். இருபது வருஷமாக இந்த வண்டியைப் பார்ப்பவர். ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைத் தொட்டார். தொட்ட கையை எடுக்காமலே கொஞ்ச நேரம் நின்றார்.

"இன்னாண்ணே, ஜோசியமா பாக்கறே?"

"தெலகா, இதுல தெர்மாஸ்டாட் இல்ல."

"அப்படின்னா?"

"நான்தான் கழட்டிப் போட்டேன்."

உள்ளங்கையில் அடங்கும் வால்வு அது. எஞ்சின் போதுமான அளவு சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் போகவிடாது. நம் வெயிலுக்கு அது வேண்டாத சாமான் என்பது இந்தப் பக்கத்து மெக்கானிக்குகளின் தீர்மானம். ஒரு கோடையில் தண்ணீர் கொதித்து வண்டி நின்றால் போதும், முதல் வேலையாக அதைக் கழற்றி எறிவார்கள். சூடேறாத எஞ்சின் டீசலை முழுதாக எரிக்காமல் புகையாகக் கக்கும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

"நீதான் சொன்னே, இனிமே சூடாவவே கூடாதுன்னு," என்றார் ஜெயராஜ்.

"சொன்னேன். அப்பறம் டீசல் குடிக்குது, பொகையா கக்குதுன்னு வருசா வருசம் சொன்னேனே, அதுக்கு நீ இன்னா சொன்னே?"

"வண்டிக்கு வயசாயிடிச்சின்னேன்."

திலகவதி திரும்பி டிராக்டரைப் பார்த்தாள். அவளும் அதை நம்பித்தான் இருந்தாள். கிழட்டு வண்டி என்று ஊரிலும் சொல்லியிருக்கிறாள்.

"சண்டைய அப்பறம் வச்சிக்கங்க," என்று மெர்சி கம்பியை உருவிக்கொண்டு ஆயில் அளவுகோலைத் திரும்பச் செருகினாள்.

டீக்கடையிலிருந்து பிஸ்கட் அட்டைப்பெட்டி ஒன்றை வாங்கிப் பிரித்து, ரேடியேட்டரின் முகத்தை முக்கால்வாசி மூடிக் கட்டினார் ஜெயராஜ். "நின்னுகினு இருந்தா ஏறாது. பெரிய கியர்ல மேம்பாலம் ஏறி எறங்கு. பிரேக்க லேசா அழுத்திக்க. எஞ்சின் இழுத்தாத்தான் சூடாவும்."

முதல் ஏற்றத்திலேயே முள் அசைந்தது. இரும்புக் கம்பி ஏற்றிய லாரிகள் ஹாரன் அடித்தபடி அவளைக் கடந்து போயின. இரண்டாவது சுற்றில் முள் பாதியைத் தொட்டது. இருபது வருஷமாக அது அசைந்துவிடக் கூடாது என்றே ஓட்டிப் பழகிய கால், தானாக ஆக்ஸிலேட்டரை விட்டது. முள் இறங்கியது. "ச்சீ," என்று தன் காலையே திட்டினாள். மறுபடி மிதித்தாள். சரியான சூட்டைக் காட்டும் பச்சைப் பகுதிக்குள் முள் நுழைந்தபோது கொதிக்கப்போகிறது என்றுதான் நினைத்தாள். கொதிக்கவில்லை. எஞ்சினின் தடதடப்பு குறைந்திருந்தது. திரும்பிப் பார்த்தாள். புகை வெள்ளையாக இல்லை. மெல்லிய சாம்பல் நூலாகப் போய்க்கொண்டிருந்தது.

பதினொன்று ஐம்பதுக்கு மெர்சியின் கம்பி எழுபத்தாறு காட்டியது. புகையின் அடர்த்தி நாலு தடவைச் சராசரியில் அறுபத்தைந்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும். மெர்சி சொல்லச் சொல்ல திலகவதி ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்து விட்டாள். முதல் தடவை எழுபது. இருபது வருஷத்துக் கரி குழாயில் இருக்கிறது என்றார் ஜெயராஜ். அடுத்தது அறுபத்து மூன்று. பிறகு ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு. சராசரி அறுபத்திரண்டரை.

"பாஸுக்கா," என்று மெர்சி நம்பர் பிளேட்டைப் படம் எடுத்தாள். பிரிண்டர் சான்றிதழைத் துப்பியது.

திலகவதி அதை இரண்டு தடவை படித்து, மடித்துப் பையில் வைத்தாள். எஞ்சினை நிறுத்தவில்லை.

"வால்வு சென்னையில தேடிப் பாக்கறேன்," என்றார் ஜெயராஜ். "அதுவரைக்கும் அட்டை இருக்கட்டும். வயல்ல முள்ளு மேல போச்சுன்னா பிச்சிடு."

"இன்னும் எத்தினி வண்டில கழட்டினே?"

அவர் மொபெட்டைப் பார்த்தார். "எல்லாத்துலயும்தான்."

"எங்க ஊரு முனுசாமியண்ணன் வண்டிலயும்?"

"ம்."

"அவரு வண்டிக்கு வயசாயிடிச்சின்னு எடைக்குப் போட காயலான் கடைக்காரன வரச்சொல்லிக்கீறாரு. இன்னிக்கி சாயந்தரம். வண்டில ஏறிக் குந்து, அவரு ஊடு போற வழிதான்."

"நீயே சொல்லிடேன், தெலகா."

"வயசாயிடிச்சின்னு அவருகிட்ட சொன்னது நானா?"

"என் மொபெட்டு?"

"இங்கியே நிக்கட்டும்."

ஜெயராஜ் மொபெட்டைப் பூட்டிவிட்டு வந்து மட்கார்டில் ஏறி உட்கார்ந்தார். திலகவதி கியர் போட்டாள்.